கோயமுத்தூரில் இறங்காத விமானம்

செஞ்சியிலிருந்து துபாய்க்கோ குவைத்துக்கோ கிளம்புகிறவர்கள் ரஹமத்தம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போக மாட்டார்கள். திண்டிவனம் ரோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற ரசூல் பாயின் மனைவி அவர். எழுபதைத் தாண்டிய மனுஷி, ஊருக்கெல்லாம் பாயம்மா. விமானத்தைப் பற்றி அந்த வட்டாரத்தில் கடைசி வார்த்தை அவருடையதுதான்.

"காதுல பஞ்சு வச்சுக்கோ. ஏறினதும் தட்டுல முட்டாய் நீட்டுவாங்க, ஒண்ணே ஒண்ணு எடுத்துக் கடவாயில அடக்கிக்கோ, மென்னு முழுங்கிடாத. சட்டைப்பையில இங்க் பேனா இருந்தா துணியில சுத்திக்கோ, மேல போனா கக்கிப்புடும். காத்தாடிக்கு நேரா சீட்டு குடுத்தான்னா உட்டுறாத, அதான் நல்ல சீட்டு."

பையன்களும் பயபக்தியோடு பஞ்சு வாங்கிக்கொண்டு போவார்கள். இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்து, "பாயம்மா, அந்த பிளேன்ல காத்தாடியே இல்ல" என்பார்கள்.

"காத்தாடி இல்லாம எப்படிடா பறக்கும்? ஏஜென்ட் யாரு? உன்னை நல்லா ஏமாத்தி உட்டுட்டான்."

பக்கத்துத் தெரு உஸ்மான் ஒருமுறை போனில் போட்டோவே எடுத்து வந்து காட்டினான். இறக்கைக்குக் கீழே இரண்டு பெரிய உருளைகள் தொங்கின. பாயம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நன்றாகப் பார்த்தார்.

"இது தண்ணி டேங்கு" என்றார்.

உஸ்மான் போய்விட்டுத் திரும்பி வந்தவன்தான். ஆனாலும் அன்றைக்கு அவனுக்கே லேசாகச் சந்தேகம் வந்துவிட்டது.

பாயம்மா சும்மா அளக்கிறவர் இல்லை. அவருக்குப் பதினெட்டு வயதிருக்கும்போது, மெட்ராஸில் ஒரு பஞ்சாலை முதலாளி வீட்டில் அவருடைய பெரியம்மா சமையல் வேலை பார்த்தார். அந்த வீட்டில் ஒரு ஆண் குழந்தை பிறந்தது. பிறந்த நேரத்திலிருந்து அழுதது. வசம்பு உரைத்துக் கொடுத்தார்கள், வெள்ளைக்கார டாக்டரிடம் காட்டினார்கள், தர்காவில் மந்திரித்தார்கள், திருஷ்டி கழித்தார்கள். அழுகை மட்டும் நிற்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பதற்கென்றே ஒரு ஆள் வேண்டியிருந்தது. பெரியம்மா செஞ்சிக்குச் சொல்லி அனுப்பி ரஹமத்தை வரவழைத்தார்.

ஒருநாள் முதலாளி குடும்பத்தோடு கோயமுத்தூர் மில்லுக்கு விமானத்தில் கிளம்பினார். மீனம்பாக்கத்தில் படியேறும்போதும் பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தது. காத்தாடி சுற்ற ஆரம்பித்தது, தரை அதிர்ந்தது, உட்கார்ந்த இடம் அதிர்ந்தது, பல் அதிர்ந்தது. 'ர்ர்ரும்' என்று ஒரு சத்தம் எழுந்து ஒரே நிலையில் நின்றது. பிள்ளை ரஹமத்தின் மடியில் ஒரு கொட்டாவி விட்டது. பிறகு தூங்கிப்போனது. அந்த வீட்டார் தங்கள் பிள்ளை தூங்கிப் பார்த்தது அன்றைக்குத்தான். கோயமுத்தூரில் இறங்கிக் காத்தாடி நின்றதும் விட்ட இடத்திலிருந்து அழ ஆரம்பித்தது.

மற்ற வீடுகளில் பிள்ளைக்குத் தொட்டில் கட்டுவார்கள். அந்த வீட்டில் டிக்கெட் எடுத்தார்கள். காலையில் ரஹமத்தும் பிள்ளையும் பெங்களூர் போவார்கள், அல்லது கோயமுத்தூர், அல்லது கொச்சி. சாயங்காலம் திரும்பி வருவார்கள். எந்த ஊரிலும் அவர் விமான நிலையத்தைத் தாண்டி வெளியே காலை வைத்ததில்லை. கொச்சியில் கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால், "மேலேருந்து பார்த்தா எல்லாப் பக்கமும் இருக்குது" என்பார்.

அவர் ஏறாத ரகம் இல்லை. டக்கோட்டா என்று ஒன்று, வாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு மூக்கைத் தூக்கி நிற்கும். உள்ளே நடந்தால் கோட்டைப் படி ஏறுகிற மாதிரி இருக்கும். விஸ்கவுன்ட் என்று ஒன்று, அதற்கு நாலு காத்தாடி. பாயம்மா அதைப் பிஸ்கோத்து பிளேன் என்பார். ஆனால் உயிர் ஆவ்ரோதான். ஜன்னலுக்குப் பக்கத்திலேயே காத்தாடி. முதலில் ஒவ்வொரு இலையாகத் தெரியும், அப்புறம் புகையாகும், அப்புறம் ஒரு கண்ணாடித் தட்டு நிற்கிற மாதிரி ஆகிவிடும். சாயங்கால வெயில் அந்தத் தட்டில் வந்து உட்காரும். விமானப் பெண்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கேப்டன் கதவைத் திறந்து தலையை நீட்டி, "பையன் தூங்கிட்டானா?" என்று சைகையில் கேட்பார். ரஹமத் தலையாட்டினால்தான் அவருக்கும் நிம்மதி.

மூன்று வருஷத்தில் பிள்ளைக்கு அழுகை நின்றது. ரஹமத்தின் வேலையும் நின்றது. செஞ்சிக்குத் திரும்பி வந்த பெண்ணை ரசூலுக்குக் கேட்டு வந்தார்கள். பெண்ணுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்று பெரியவர்கள் மரியாதைக்குக் கேட்டபோது, உள்ளேயிருந்து ஒரு கேள்வி வந்தது: "கடையில ஒரே நேரத்துல எத்தனை மோட்டார் ஓடும்?" கெட்டிக்காரப் பெண், வியாபாரத்தை விசாரிக்கிறது என்று ரசூல் வீட்டார் பூரித்துப்போனார்கள். ரசூல் கூச்சத்தோடு இரண்டைக் கூட்டிச் சொன்னார். அந்தக் கூட்டல்தான் கல்யாணத்தை முடித்து வைத்தது. கடைக்குப் பின்னாலேயே வீடு. பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டி ஓட விட்டுப் பார்க்கிற மத்தியானங்களில் பாயம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். அந்த மோட்டார்களின் நடுவில் இருந்து இருந்து ரசூல் பாய்க்குக் காது கேட்பது குறைந்துகொண்டே வந்து, கடைசியில் சைகை பாஷைக்கு வந்து நின்றது.

சில வருஷங்களுக்கு முன்னால் மகள் ஷமீமா சார்ஜாவிலிருந்து பணம் அனுப்பி இரண்டு பேரையும் உம்ரா அனுப்பி வைத்தாள். பாயம்மா பஞ்சோடு போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தார். காத்தாடி இல்லை, தண்ணி டேங்கு தொங்கியது. புனிதமான பயணம் என்பதால் வாயைத் திறக்கவில்லை. திரும்பி வந்து மகளிடம் போனில், "மக்கா மனசு நிறைஞ்சு இருந்துச்சும்மா. பிளேன் மட்டும் பேங்குல டோக்கன் வாங்கிக்கினு உக்காந்திருந்தா மாதிரி இருந்துச்சு" என்றார்.

இப்படியே போயிருக்க வேண்டிய வாழ்க்கைதான். எழிலரசன் வந்து கெடுத்தார்.

எழிலரசனுக்கு வல்லம் போகிற வழியில், ரோட்டோரத்தில் ஒரு ஓட்டல். கோட்டை பார்க்க வருகிற கூட்டம் பெருகியதும் அவருக்குப் பெரிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. எங்கேயோ ஏலத்தில் ஒரு பழைய விமானத்தை எடுத்தார். உடம்பு ஒரு லாரியிலும் இறக்கைகள் இன்னொரு லாரியிலுமாக அது திண்டிவனம் வழியாக வந்து சேர்ந்தது. மின்கம்பிகளைக் கழியால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊரே கூட நடந்தது. மூக்கு வயலைப் பார்க்க, வால் ரோட்டைப் பார்க்க நிறுத்தி, பார்வைக்குப் புது டயர் போட்டு, சக்கரங்களுக்கு முன்னால் கருங்கல் வைத்தார்கள். பக்கவாட்டில் 'ராஜகிரி ஏர்வேஸ் ஃபேமிலி ரெஸ்டாரன்ட்' என்று எழுதினார்கள். திறப்பு விழா பேனரில் பாயம்மாவின் ரேஷன் கார்டு போட்டோவைப் பெரிதாக்கிப் போட்டு, 'செஞ்சியின் முதல் விமானப் பயணி' என்று அச்சடித்தார் எழிலரசன்.

விழா அன்று ஆட்டோவிலிருந்து இறங்கிய பாயம்மா, தூரத்திலிருந்தே கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"ஆவ்ரோ" என்றார்.

பக்கத்தில் போனார். இறக்கை, ஜன்னல், படி. பிறகு இரண்டு இஞ்சின்களையும் பார்த்தார். காத்தாடி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குமிழ்தான் இருந்தது.

"தம்பி, காத்தாடி எங்க?"

"அது வரல பாயம்மா. முன்னாடியே எவனோ கழட்டி வித்துட்டிருக்கான். நீங்க ரிப்பன வெட்டுங்க, உள்ள ஏசி போட்டிருக்கேன்."

"மூக்கறுத்த ஆளைக் கூட்டியாந்து மாலை போடச் சொல்றியே!"

வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போய்விட்டார். ரிப்பன் வெட்டப்படாமல் இரண்டு வாரம் அப்படியே கிடந்தது. பேனரில் இருக்கிற ஆளே வரவில்லையென்றால் விமானத்தில் ஏதோ கோளாறு என்று ஊர் பேச ஆரம்பித்தது. ஓடாத விமானத்தில் என்ன கோளாறு இருக்க முடியும் என்று யாரும் யோசிக்கவில்லை. எழிலரசன் நொந்துபோய்த் தச்சர் தனகோட்டியைப் பிடித்தார்.

தனகோட்டி தேக்கில் ஆளுயரத்துக்கு மேல், இஞ்சினுக்கு இரண்டு இலையாகச் செதுக்கி மாட்டினார். பாயம்மா வந்து பார்த்துவிட்டு, "ஆவ்ரோக்கு நாலு இலை" என்று சொல்லிவிட்டுப் போனார். நாலாக்கினார்கள். வந்து பார்த்தார். "நின்னுக்கினே இருக்குதே?" என்றார். கடைசியில் ரசூல் பாய் தம் கடையிலிருந்து இரண்டு பம்புசெட் மோட்டாரைக் கொண்டுவந்து இஞ்சினுக்குள் பொருத்தி, சமையல் கொட்டகைச் சுவரில் ஸ்டார்ட்டர் பெட்டி வைத்து, வயர் இழுத்தார். காத்தாடிக்குப் பக்கத்தில் யாரும் போகாதபடி சுற்றிலும் கம்பி வேலியும் போட்டார்கள்.

சுவிட்சைப் போட்டதும் விமானம் உதறியது. தட்டுகள் மேசையில் நடந்தன. சாம்பார் வாளி தானாகவே வாசல் வரைக்கும் போனது. பாயம்மா ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து காதில் பஞ்சை வைத்து வெளியே பார்த்தார். இலை புகையானது, புகை கண்ணாடித் தட்டானது. அவருடைய வலது கை தன்பாட்டுக்கு மடியைத் தட்டிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் யாரும் திட்டம் போடவில்லை. காத்தாடி ஓடும்போது சர்வர் காதில் எதுவும் விழவில்லை. தோசை கேட்டவருக்குப் பரோட்டா வந்தது. அதனால் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு என்று ஆக்கினார்கள். ஒரே சாப்பாடு என்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும், ஒரே நேரத்தில் எழுந்திருக்க வேண்டும். நடுவில் ஒருவர் கதவைத் திறந்தால் காத்தாடிப் புழுதி முழுக்க இலையில் விழுந்தது. அதனால் கதவைச் சாத்தினார்கள். கதவைச் சாத்திய பிறகு, ஏறுவதற்கு ஒரு நேரம், இறங்குவதற்கு ஒரு நேரம் வந்துவிட்டது. பாயம்மா அதைப் பார்த்துவிட்டு, "அப்ப எந்த ஊருக்குன்னு சொல்லிடலாமே தம்பி" என்றார்.

செவ்வாய்க்கிழமை கோயமுத்தூர், அரிசிம்பருப்பு சாதம். புதன்கிழமை கொச்சி, மீன் குழம்பு. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு பெங்களூர், பிசிபேளாபாத். பாயம்மா மைக்கில் ஊர் பெயரைச் சொல்லி வரவேற்பார், பஞ்சும் முட்டாயும் தட்டில் வரும். இறங்குகிற நேரத்தில் ஜன்னல் வழியாக ஒரு சிவப்புத் துணியை ஆட்டுவார். கொட்டகையில் உட்கார்ந்திருக்கிற ரசூல் பாய் அதைப் பார்த்து சுவிட்சை அணைப்பார். அவருக்குக் காது கேட்காததால் துணியைத் தவிர வேறு எதற்கும் அணைக்க மாட்டார். கூட்டம் தாங்கவில்லை. சேத்துப்பட்டிலிருந்து, திருவண்ணாமலையிலிருந்தெல்லாம் வந்தார்கள். நேரத்துக்கு வராதவர்கள் கீழே நின்று கையாட்டிவிட்டுப் பசியோடு வீட்டுக்குப் போனார்கள்.

சிக்கல் பாண்டுரங்கனால் வந்தது. விமானத்துக்கு முன்னால் இருக்கிற மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலை போடுகிற நிலம், அவருடையது. எப்போதாவதுதான் ரோட்டுப் பக்கம் வருகிற மனிதர், எதையும் நம்பிக்கையாகச் செய்கிறவர். கொச்சி என்றதும் வெள்ளை வேட்டி கட்டி, சூட்கேஸ் எடுத்துக்கொண்டு, சொந்தக்காரர்கள் புடைசூழ வந்தார். அவர் மனைவி வள்ளியம்மாள் நெற்றியில் விபூதி பூசி, கையில் எலுமிச்சம்பழம் கொடுத்து ஏற்றிவிட்டார். மீன் குழம்பு சாப்பிட்டு, முட்டாயைக் கடவாயில் அடக்கிக்கொண்டு, சிவப்புத் துணி ஆடியதும் பாண்டுரங்கன் சூட்கேஸோடு கீழே இறங்கினார். எதிரே வள்ளியம்மாள் நின்றுகொண்டிருந்தார்.

"நீ எப்ப வந்த?" என்றார் பாண்டுரங்கன்.

"நான் எங்க போனேன்? இங்கயேதான் நிக்கிறேன்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். வல்லம் ரோடு. அவருடைய கொல்லை. அவருடைய கொல்லையில் அவருடைய மாடு.

மறுநாளே போலீசுக்கு மனு எழுதிக் கொடுத்தார். கொச்சி என்று சொல்லி ஏற்றினார்கள், பெல்ட் போடச் சொன்னார்கள், வண்டி ஒரு அடிகூட நகரவில்லை, ஏறின இடத்திலேயே இறக்கி விட்டுவிட்டார்கள், நியாயம் வேண்டும்.

விசாரணைக்கு சப்-இன்ஸ்பெக்டர் சாமுண்டீஸ்வரி வந்தார். மேல்மலையனூர் அமாவாசை பந்தோபஸ்தை முடித்துவிட்டு, கண் இரண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருக்க, நேராக அங்கே வந்து ஜீப்பை நிறுத்தினார். செவ்வாய்க்கிழமை மத்தியானம். படியேறி உள்ளே போய், "யாரு இங்க இன்சார்ஜ்?" என்று கேட்பதற்கும் கதவு சாத்துவதற்கும் சரியாக இருந்தது. காத்தாடி சுற்ற ஆரம்பித்துவிட்டது.

"கதவத் தொறங்க! விசாரிக்கணும்!" என்று கத்தினார் எஸ்.ஐ.

பாயம்மா அவர் காதருகே குனிந்தார். "கிளம்பிடுச்சும்மா. இனிமே கோயமுத்தூர்லதான் தொறப்போம். நில்லாத கண்ணு, உழுந்துடுவ."

தோளைப் பிடித்துப் பக்கத்துச் சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டை மாட்டி, காதில் பஞ்சை வைத்து, வாயில் முட்டாயையும் வைத்துவிட்டார். எஸ்.ஐ. ஏதோ சொல்ல வாயெடுத்தார். தரை அதிர்ந்தது, சீட்டு அதிர்ந்தது, தொப்பி அதிர்ந்தது. எஸ்.ஐ. ஒரு கொட்டாவி விட்டார். அரிசிம்பருப்பு சாதம் வருவதற்குள் அவருடைய தலை பாயம்மாவின் தோளில் சாய்ந்துவிட்டது.

எல்லோரும் சாப்பிட்டு முடித்தார்கள். துணியை ஆட்ட வேண்டிய நேரம் வந்தது. பாயம்மா துணியை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழிலரசன் வந்து, இறக்குங்கள் என்று கையால் காட்டினார். பாயம்மா எஸ்.ஐ.யைக் காட்டினார். அணைத்தால் விழித்துக்கொள்வார் என்பது அவருக்குத் தெரியும். அதில் அவருக்கு மூன்று வருஷ அனுபவம். எழிலரசனும் யோசித்தார். தூங்குகிற போலீஸை எழுப்பி விசாரணையை ஆரம்பித்து வைக்க அவருக்கும் விருப்பமில்லை.

பாயம்மா ஒற்றைக் கையால் மைக்கை எடுத்தார். "கோயமுத்தூர்ல மேகம் ஜாஸ்தியா இருக்குது. இறங்க முடியாது. நேரா கொச்சிக்குப் போறோம்."

பயணிகளுக்குள் சலசலப்பு. திருவண்ணாமலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய ஒரு அம்மா தலையிலடித்துக்கொண்டார். பின்சீட்டில் இருந்தவர்கள், "கொச்சின்னா மீன் கொழம்பு வரணும்ல?" என்று தட்டைத் தட்டினார்கள். நியாயமான கேள்விதான். எழிலரசன் பின்கதவால் இறங்கிக் கொட்டகைக்கு ஓடி, மறுநாளைக்கு வைத்திருந்த மீனை எடுத்து அடுப்பில் ஏற்றச் சொன்னார்.

கொச்சி போகிற வழியில்தான் வானம் இருண்டது. கோட்டை மலைக்குப் பின்னால் இருந்து மை கொட்டின மாதிரி மேகம் எழுந்து, கோடைக்காற்று ரோட்டைத் தாண்டி வந்தது. முதலில் பேனர் பறந்தது, பாயம்மாவின் முகம் ஒரு கணம் புளியமரத்துக்கு மேலே போய் மறைந்தது. அப்புறம் புழுதி. கொட்டகையில் ரசூல் பாய் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சிவப்புத் துணிக்காகக் காத்திருந்தார். புழுதியில் விமானமே தெரியவில்லை, துணி எங்கே தெரியும்? எழிலரசன் அவர் காதில், "அணைங்க பாய்! அணைங்க!" என்று கத்தினார். ரசூல் பாய், இன்னும் துணி ஆடவில்லை என்று சைகை காட்டினார்.

பின்னாலிருந்து காற்று ஒரு தள்ளு தள்ளியது. முன்னால் தனகோட்டியின் எட்டு இலையும் தங்களால் முடிந்ததை இழுத்தன. சக்கரங்கள் கருங்கல்லின்மேல் ஏறி இறங்கின. விமானம் கிளம்பியது.

மீன் குழம்புச் சட்டியைக் கையில் பிடித்தபடி எழிலரசன் பார்த்துக்கொண்டே நின்றார். அவருடைய ஓட்டல், ஏசியோடும் வாடிக்கையாளர்களோடும் ஒரு எஸ்.ஐ.யோடும், கம்பி வேலியை இழுத்துக்கொண்டு பாண்டுரங்கன் கொல்லைக்குள் போய்க்கொண்டிருந்தது.

உள்ளே யாருக்கும் சத்தம் போடத் தோன்றவில்லை. போட்டாலும் கேட்டிருக்காது. பாயம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தார். இறக்கை துடித்தது. காத்தாடி கண்ணாடித் தட்டாக நின்றது. அதற்குப் பின்னால் வேப்பமரம், பம்புசெட் ரூம், பறித்துப் போட்ட மல்லாட்டைச் செடி எல்லாம் பின்னோக்கிப் போயின. ஐம்பது வருஷம் கழித்து, ஜன்னலுக்கு வெளியே இருக்கிற உலகம் பின்னோக்கிப் போவதை அவர் பார்த்தார். கை எஸ்.ஐ.யின் தோளைத் தட்டிக்கொடுத்தது. வரப்பு வந்தது. விமானம் அதில் ஏறி, எகிறியது.

எகிறியது எவ்வளவு தூரம் என்பதில் இன்றைக்கும் சண்டை ஓயவில்லை. ஒரு வரப்பு அகலம் என்கிறார்கள் சிலர். ஏரிக்கரை தெரிந்தது என்கிறார் பின்சீட்டில் இருந்தவர். திருவண்ணாமலை அம்மா, எனக்கு மலை உச்சியே தெரிந்தது, கன்னத்தில் போட்டுக்கொண்டேன் என்கிறார். பாயம்மா அந்தச் சண்டைக்குப் போவதில்லை. "தூக்குச்சு. வயித்துல தெரிஞ்சுது" என்பார், அவ்வளவுதான்.

வயர் இழுபட்டு, ஸ்டார்ட்டர் பெட்டியையே சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு அறுந்தது. காத்தாடி நின்றது. புது மண்ணில் சக்கரம் புதைந்து விமானமும் நின்றது. ஒரே அமைதி. பிறகு தகரக் கூரையில் கொட்டுகிற மாதிரி மழை பிடித்துக்கொண்டது.

சத்தம் நின்றதும் எஸ்.ஐ. விழித்துக்கொண்டார்.

"எந்த ஊரு?" என்றார்.

"பாண்டுரங்கன் கொல்லை மேடம்" என்று யாரோ சொன்னார்கள்.

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கதவைத் திறந்து பார்த்தால், தலையில் யூரியா சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு பாண்டுரங்கனே மழையில் நின்றிருந்தார். பின்னால் வள்ளியம்மாள், அவர் பின்னால் மாடு. எஸ்.ஐ. தொப்பியைச் சரி செய்துகொண்டு, படி இல்லாததால் வாசலில் நின்றபடியே விசாரணையை ஆரம்பித்தார்.

"இன்னாய்யா, வண்டி ஒரு அடிகூட நகரலன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க?"

"நான் ஏறுனப்போ நகரல மேடம்."

"இப்ப எங்க நிக்குது?"

பாண்டுரங்கன் விமானத்தைப் பார்த்தார், தன் வரப்பைப் பார்த்தார், தூரத்தில் சட்டியோடு ஓடி வருகிற எழிலரசனைப் பார்த்தார்.

"என் கொல்லையில நிக்குது."

"நகந்துச்சா இல்லியா?"

"நகந்துச்சு மேடம்."

"அப்புறம் இன்னா கம்ப்ளெயின்ட்டு? வாபஸ் வாங்கிக்குங்க."

விசாரணை அத்தோடு முடிந்தது. ஜீப் வருவதற்குள் எஸ்.ஐ. பாயம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, பெங்களூர் எந்தக் கிழமை, ஓரமாக ஒரு சீட்டு கிடைக்குமா என்று விசாரித்தார். எழிலரசன் கொண்டுவந்த மீன் குழம்பைப் பின்சீட்டுக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள், கொச்சி வந்துவிட்டது என்று.

எழிலரசன் கிரேனுக்குச் சொன்னார். கிரேன்காரர் வந்து ஈரத்தில் காலை விட்டுப் பார்த்துவிட்டு, மண் காயட்டும் என்று போய்விட்டார். மண் காய்ந்தபோது பாண்டுரங்கன் விடவில்லை. "எனக்கு வர வேண்டிய பிளேனு, லேட்டா வந்திருக்குது. தள்ளி நிறுத்தச் சொன்னா எப்படி?" என்று வரப்பில் உட்கார்ந்துகொண்டார். கடைசியில் இரண்டு பேரும் பங்காளிகளாகிவிட்டார்கள். ரோட்டிலிருந்து கொல்லை வரைக்கும் பாண்டுரங்கன் செம்மண் கொட்டி நீளமாக ஒரு பாதை போட்டார், ரன்வே என்று அதற்குப் பெயரும் வைத்தார். வள்ளியம்மாள் அதன் முனையில் வேர்க்கடலை வேகவைத்து விற்கிறார். கருங்கல்லுக்குப் பதில் சக்கரங்களை இப்போது சங்கிலியால் கட்டியிருக்கிறார்கள்.

எஸ்.ஐ. சொன்ன பிறகு எழிலரசன் மோட்டாரைப் பாதி வேகத்துக்கு மேல் ஓட விடுவதில்லை. பாயம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். கண்ணாடித் தட்டு வருவதில்லை, புகையோடு நின்றுவிடுகிறது. ஆனாலும் மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் போன பிறகு அவர் தனியாக ஜன்னல் சீட்டில் உட்கார்ந்திருப்பார். அந்தப் பஞ்சாலை வீட்டுப் பிள்ளைக்கு இப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும், இந்தக் கால பிளேன்களில் அவனுக்குத் தூக்கம் வருகிறதோ என்னவோ என்று ஒருமுறை ரசூல் பாயிடம் கேட்டார். பக்கத்துச் சீட்டில் இருந்த ரசூல் பாய்க்கு அது கேட்கவில்லை. பெல்ட்டைப் போடச் சொல்கிறார் என்று நினைத்துப் போட்டுக்கொண்டார்.

போன வாரம் பாண்டுரங்கன், நிழலாக இருக்கிறதே என்று, தன் ஆடுகள் இரண்டைக் காத்தாடி இலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். பாயம்மா பார்த்துப் பதறிப்போய், செருப்பைக்கூடப் போடாமல் இறங்கி ஓடினார். ஆடுகளை அவிழ்த்து, ஒரு கையில் ஒன்றாக இழுத்துக்கொண்டு வால் பக்கம் போனார்.

"ஏறுறவங்க பின்னாடிதான் நிக்கணும்" என்று ஆடுகளிடம் சொல்லி, வாலில் கட்டினார்.